புகைக்கு நடுவே ஒரு முடிவு: டைட்டஸ் சால்ட் வாழ்க்கை



தொழில் முடிவு என்றால் கணக்குப் பார்த்து எடுப்பது என்றுதான் பயிற்சியில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். வரவு, செலவு, வட்டி, லாபம் எல்லாம் நோட்டில் ஏறிவிடுகிறது. ஆனால் முடிவு எடுக்கும் அன்றைக்குத் தலைவி மனசில் என்ன ஓடியது என்று எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. பயம், ரோஷம், வருத்தம், பெருமை இதெல்லாம் கணக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு முடிவைத் தன் பக்கம் இழுக்கும். சில சமயம் நல்ல பக்கம் இழுக்கும், சில சமயம் குழியில் தள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள ஒருவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் கம்பளி ஆலை நடத்திய டைட்டஸ் சால்ட் என்பவர் அவர். இறந்து சுமார் 150 ஆண்டுகள் ஆகிவிட்டன. தன் தொழிலே ஊரைக் கெடுக்கிறது என்று தெரிந்தபோது அவர் என்ன செய்தார், எதில் ஜெயித்தார், எதில் சறுக்கினார் என்பது நமக்கும் உதவும்.

யாரும் வாங்காத கம்பளி

டைட்டஸ் சால்ட் 1803 செப்டம்பர் 20-ஆம் தேதி பிறந்தார். ஊர், லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மோர்லி. அப்பா டேனியல் வியாபாரி. கொஞ்ச காலம் விவசாயமும் பார்த்தார். 1822-ல் குடும்பம் பிராட்ஃபோர்டு நகரத்துக்கு வந்தது. அங்கே டைட்டஸ் ஒரு கம்பளி நிறுவனத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, கம்பளியைக் கையால் தொட்டுத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு அப்பாவோடு கம்பளி வியாபாரத்தில் சேர்ந்தார்.

அவர்கள் ரஷ்யாவிலிருந்து டான்ஸ்காய் என்ற ஒரு வகைக் கம்பளியை வரவழைத்தார்கள். முரடு, சிக்கு. பிராட்ஃபோர்டு நூற்பாலைக்காரர்கள் ஒருத்தர்கூட வாங்கவில்லை. இதை நூற்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். சரக்கு முடங்கிக் கிடந்தது.

டைட்டஸ் அதிகம் பேசமாட்டார். கூச்ச சுபாவம். வாயால் வாதாடி ஜெயிக்கிற ஆள் இல்லை. ஆனால் ரோஷக்காரர். நீங்கள் நூற்காவிட்டால் நானே நூற்றுக் காட்டுகிறேன் என்று ஒரு ஆலையை வாடகைக்கு எடுத்தார். இயந்திரத்தை அந்தக் கம்பளிக்குத் தக்கபடி மாற்றிப் பார்த்து, கடைசியில் நல்ல நூல் எடுத்துவிட்டார். வியாபாரி ஆலை முதலாளி ஆனது இப்படித்தான். ரோஷம் அவரை ஆலைக்குள் இறக்கியது. உள்ளே போன பிறகு வேலையைச் செய்தது பொறுமை.

1836-ல் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போனார். அங்கே ஒரு கிடங்கில் சுமார் 300 மூட்டை அல்பாக்கா ரோமம் விற்காமல் கிடந்தது. அல்பாக்கா தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மலைகளில் வளர்கிற, நீளமான ரோமம் உள்ள ஆடு மாதிரியான பிராணி. அந்த ரோமத்தை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டைட்டஸ் உடனே மூட்டைகளை வாங்கிவிடவில்லை. கொஞ்சம் மாதிரி எடுத்து வந்தார். துவைத்தார், சீவினார், நூற்றுப் பார்த்தார். சரி வரும் என்று தெரிந்த பிறகுதான் திரும்பிப் போய் மொத்தத்தையும் வாங்கினார்.

பருத்தி அல்லது பட்டைப் பாவாகப் போட்டு, அல்பாக்காவை ஊடையாகக் கொடுத்து நெய்தபோது பளபளப்பான துணி கிடைத்தது. பெண்கள் விரும்பி உடுத்தினார்கள். விக்டோரியா மகாராணியே தான் வளர்த்த அல்பாக்காக்களின் ரோமத்தை அனுப்பித் துணி நெய்து வாங்கினார். சில வருஷத்தில் டைட்டஸுக்குப் பிராட்ஃபோர்டில் ஐந்து ஆலைகள். ஊரிலேயே அதிகம் பேருக்கு வேலை கொடுத்தவர் அவர்தான்.

ஊரை மூடிய புகை

இனி பிராட்ஃபோர்டு எப்படி இருந்தது என்று பாருங்கள். ஒரு காலத்தில் சின்ன ஊர். ஆலைகள் வர வர ஜனம் கூடியது. 1851-ல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சுமார் 200 புகைபோக்கிகள் நாள் முழுக்கக் கரிப்புகையைக் கக்கின. ஊருக்கு நடுவே போகும் ஓடையிலும் கால்வாயிலும் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஓடின. அந்தத் தண்ணீர்தான் ஏழைகளுக்குக் குடிதண்ணீர்.

வீடுகளும் அப்படித்தான். ஒரே அறைக்குள் ஒரு குடும்பம். கம்பளி சீவும் தொழிலாளர்கள் வீட்டுக்குள்ளேயே கரி அடுப்பு வைத்து, அதில் இரும்புச் சீப்பைச் சூடாக்கி வேலை செய்தார்கள். அந்தப் புகைக்குள்தான் குழந்தைகள் தூங்கின. 1840-களில் சீவும் இயந்திரம் பரவ ஆரம்பித்ததும் அந்த வேலையும் போனது. ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும்தான். தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளில் நிறையப் பேர் வளர்ந்து ஆளாவதற்கு முன்பே இறந்துபோனார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஆலை. ஆலையில் சம்பாதித்தவர்களில் பெரிய ஆள் டைட்டஸ் சால்ட். அவருக்குத் தெரியாமல் இல்லை. அப்போது ரோடா என்ற பெயரில் புகையைக் குறைக்கும் ஒரு அடுப்பு அமைப்பு வந்திருந்தது. கரி முழுசாக எரிவதால் புகை குறைவு. 1842-ல் தன் ஆலைகளில் டைட்டஸ் இதைப் பொருத்தினார். செலவுதான். ஆனாலும் செய்தார்.

ஆனால் 200 புகைபோக்கியில் ஐந்தாறு மட்டும் சுத்தமானால் வானம் வெளுக்குமா? எல்லோரும் செய்தால்தான் பலன். 1848-ல் அவர் நகர மேயர் ஆனார். எல்லா ஆலைகளும் இதைப் பொருத்த வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரப் பார்த்தார். மற்ற முதலாளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. செலவு கூடும் என்ற பயம் ஒரு பக்கம். புகை வந்தால்தான் வேலை நடக்கிறது, வருமானம் வருகிறது என்ற பழைய நம்பிக்கை ஒரு பக்கம். புகையால் உடம்புக்குக் கெடுதல் என்பதையே பலர் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முதலாளிகளும் கணக்கு மட்டும் பார்த்து மறுக்கவில்லை. இத்தனை நாள் நாம் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? கெடுதல் இல்லை என்று சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். அந்த லேசான மனசுக்காகவும்தான் அவர்கள் மறுத்தார்கள்.

அடுத்த வருஷம், 1849-ல், காலரா வந்தது. பிராட்ஃபோர்டில் 420 பேர் இறந்தார்கள். மேயர் என்ற முறையில் அந்தச் சாவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் டைட்டஸ்.

ஓய்வெடுக்க நினைத்தவர்

ஐம்பது வயதில் தொழிலை விட்டுவிட்டுக் கிராமத்துப் பக்கம் ஒரு பண்ணை வாங்கி நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது அதுவரை அவருடைய திட்டம். காசு இருக்கிறது. மனைவி கேரோலின், 11 பிள்ளைகள். ஊர் தன் பேச்சைக் கேட்கவில்லை. எக்கேடோ கெடட்டும் என்று ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர் திட்டத்தை மாற்றினார். தன் ஆலைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஒரே இடத்தில் பெரிதாகக் கட்டுவது, அதோடு தொழிலாளர்களுக்கு வீடும் கட்டுவது என்று 1850 வாக்கில் முடிவு செய்தார். வேதனையும் ஏமாற்றமும் இல்லாமல் இந்த முடிவு வந்திருக்காது. ஆனால் அந்த வேதனையை மட்டும் வைத்து அவர் அஸ்திவாரம் போடவில்லை என்பதுதான் முக்கியம்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? பிராட்ஃபோர்டிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, ஏர் என்ற ஆற்றங்கரை. பக்கத்திலேயே லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்கும் கால்வாய். ரயில் பாதையும் உண்டு. கம்பளியும் கரியும் வந்து இறங்க, துணி வெளியே போக வழி இருக்கிறது. ஐந்து இடத்தில் சிதறிக் கிடந்த வேலை ஒரே கூரைக்குள் வந்தால் வண்டிச் செலவும் நேரமும் மிச்சம். காற்று நல்லது, கணக்கும் சரி. இரண்டும் பொருந்திய இடத்தைத்தான் வாங்கினார். தன் பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்து ஊருக்கு சால்ட்டேர் என்று பெயர் வைத்தார்.

1853 செப்டம்பர் 20, அவருடைய ஐம்பதாவது பிறந்த நாள். ஓய்வெடுக்க நினைத்த அதே வயதில் புது ஆலையைத் திறந்தார். சுமார் 3,500 பேருக்கு விருந்து. அதில் 2,440 பேர் அவருடைய தொழிலாளர்கள். ரயிலில் அழைத்து வரப்பட்டார்கள்.

ஆலையின் புகைபோக்கி 250 அடி உயரம். கீழே புகை குறைக்கும் ரோடா அடுப்பு. இயந்திரத்தைச் சுழற்றும் தண்டுகளில் பெரும்பாலானவற்றைத் தரைக்கு அடியில் வைத்ததால் சத்தமும் விபத்தும் குறைந்தன. கூரையில் விழும் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் கம்பளி கழுவப் பயன்படுத்தினார்கள். நாம் இன்று பேசும் மழைநீர் சேகரிப்பு அன்றைக்கே ஒரு ஆலையில் நடந்திருக்கிறது. 1,200 தறிகள் ஓடின. சுமார் 3,000 பேர் வேலை பார்த்தார்கள்.

பிறகு சுமார் 20 வருஷத்தில் 800-க்கும் அதிகமான வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய், எரிவாயு விளக்கு, தனிக் கழிப்பறை. பிராட்ஃபோர்டு சேரியிலிருந்து வந்த பெண்ணுக்கு வீட்டிலேயே குழாயும் கழிப்பறையும் கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, நூலகத்தோடு ஒரு மன்றம், பூங்கா எல்லாம் வந்தன. வயதானவர்களுக்கு 45 சிறு வீடுகள் கட்டி, வாரா வாரம் உதவித்தொகையும் கொடுத்தார். ஆலையும் லாபத்தில்தான் ஓடியது. நல்லது செய்தால் தொழில் நொடித்துவிடும் என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

அதே மனசின் இன்னொரு பக்கம்

இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

டான்ஸ்காய் கம்பளியை நூற்க வைத்த பிடிவாதமே சால்ட்டேரில் வேறு விதமாக வேலை செய்தது. ஊரே அவருடையது. தெருக்களுக்குத் தன் மனைவி பிள்ளைகள் பெயரை வைத்தார். மதுக்கடைக்கு இடமில்லை. அது பல பெண்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தெருவில் குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போடுவது அவருக்குப் பிடிக்காது. அதற்காக நீராவியில் ஓடும் பொதுச் சலவைக்கூடம் கட்டினார். எண்ணம் நல்லதுதான். ஆனால் துணி துவைக்கிற பெண்களுக்கு அந்த ஊர் நிர்வாகத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.

தொழிலாளர்கள் சங்கம் சேருவதை அவர் ஏற்கவில்லை. பிள்ளைகள் அந்தக் காலச் சட்டப்படி அரை நாள் ஆலையிலும் அரை நாள் பள்ளியிலும் இருந்தார்கள். பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைச் சட்டம் போட்டுத் தடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இது விசித்திரம் இல்லையா? புகை விஷயத்தில் எல்லோருக்கும் சட்டம் வேண்டும் என்று கேட்டவர், தன் ஆலைக்குள் சட்டம் வருவதை விரும்பவில்லை. நான் நல்லவன், என் ஆட்களை நான் பார்த்துக்கொள்வேன் என்ற பெருமை அங்கே கண்ணை மறைத்தது.

1859-ல் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். கூட்டத்தில் பேசுவது அவருக்கு ஒத்துவரவில்லை. 1861-ல் விலகிவிட்டார். 1869-ல் பட்டம் கிடைத்து சர் டைட்டஸ் ஆனார். வாழ்நாளில் தர்மமாக மட்டும் சுமார் 5 லட்சம் பவுண்டு கொடுத்திருப்பார் என்கிறார்கள். 1876 டிசம்பர் 29-ஆம் தேதி காலமானார். இறுதி ஊர்வலத்தைப் பார்க்க வழி நெடுக சுமார் ஒரு லட்சம் பேர் நின்றார்கள். பிழைப்புக்காக வேலை செய்த ஜனம் அவ்வளவு பேர் வந்து நின்றதே அவர் சம்பாதித்ததில் பெரியது.

ஆனால் ஆலை? அல்பாக்காத் துணியின் பளபளப்பு மெல்ல மவுசு இழந்தது. பெண்கள் மென்மையான துணிகளுக்கு மாறினார்கள். அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியதும் அங்கே விற்பது கஷ்டமானது. தொழிலைப் பார்த்துக்கொண்ட மகன் இளைய டைட்டஸ் 1887-ல் இறந்தார். அப்பா இறந்து 16 வருஷத்தில், 1892-ல், நிறுவனம் நொடித்துக் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. மார்க்கெட் மாறியது உண்மையான காரணம். ஆனால் இன்னொன்றும் இருந்தது. ஒரே ஒருவரின் கண்ணும் கையும் மனசும் நடத்திய தொழில் அது. முடிவெடுக்கிற பழக்கத்தை அவர் பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கவில்லை.

புது முதலாளிகள் வாங்கி நடத்தினார்கள். 1986 வரை அங்கே துணி உற்பத்தி நடந்தது. 2001-ல் யுனெஸ்கோ சால்ட்டேர் ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவர் கட்டிய வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

நம்ம கூட்டத்துக்கு

சகோதரிகளே, நமக்கும் இப்படி மாற வேண்டிய நேரம் வரும். சாயத் தண்ணீரை எங்கே விடுவது, பிளாஸ்டிக் உறைக்குப் பதில் எதில் சரக்குப் போடுவது, விறகு அடுப்பை மாற்றுவதா என்று கேள்வி வரும்போது கூட்டத்தில் சத்தம் வரும். ஒரு அக்காவுக்குக் கடன் பயம். ஒரு தங்கைக்கு, போன வருஷம் என் பேச்சைக் கேட்கவில்லையே என்ற கோபம். தலைவிக்கு, என் காலத்தில் நஷ்டம் வந்துவிடக் கூடாது என்ற கவலை. இதில் எதுவும் தப்பில்லை. மறைத்து வைத்தால்தான் தப்பு. மறைத்த பயம், கெடுதலே இல்லை என்று பிராட்ஃபோர்டு முதலாளிகள் சொன்ன மாதிரிப் பேசும்.

ஆகவே பெரிய மாற்றம் எதுவாக இருந்தாலும், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் முன்னால் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருத்தரும் தனக்கு எதில் பயம், எதில் ஆசை என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அதையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு டைட்டஸ் மூட்டை வாங்கும் முன் செய்த மாதிரி, கொஞ்சமாகச் செய்து பாருங்கள். அவர் இடம் பார்த்த மாதிரி, மனசும் கணக்கும் இரண்டும் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அவர் செய்யாமல் விட்டதையும் நாம் செய்வோம். துணி துவைக்கிற பெண்ணைக் கேட்காமல் சலவைக்கூடம் கட்ட வேண்டாம். இந்த வருஷத் தலைவிக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த தலைவிக்கும் தெரியட்டும்.

கூட்டமைப்பு ஒருத்தர் பெயரில் நடப்பதில்லை. சுழற்சி முறையில் பொறுப்பு மாறுகிறது என்று சில சமயம் சலித்துக்கொள்கிறோம். சால்ட்டேர் ஆலைக்கு அந்தச் சுழற்சி இருந்திருந்தால் அந்த நிறுவனம் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்திருக்கும்.